அப்பாவின் புல்லட்டும் அக்காவின் கையெழுத்தும்

தாராபுரத்துக்குத் தெற்கே, அமராவதி வாய்க்கால் பாசனத்தில் ஐந்து ஏக்கர் தோட்டம். மூன்றில் மக்காச்சோளம், இரண்டில் தென்னை. தோட்டத்துச் சாளையில், மாட்டுத் தீவன மூட்டைகளுக்குப் பின்னால், ஒரு புல்லட் பன்னிரண்டு வருஷமாக நின்றிருந்தது. சீட்டின் கிழிசலில் கோழி அடைகாத்தது. ஹேண்டில்பாரில் மண்வெட்டியும் கயிறும் தொங்கின. ஒரு நாள் பழைய வண்டி வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கேட்டார்.

கொடுத்துவிடலாம் என்றுதான் தோட்டக்காரரும் நினைத்தார். மக்காச்சோளத்துக்கு இரண்டாவது உரம் வைக்கும் நேரம். கையில் காசு இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "ஒங்கய்யன் அதுக்கு ஒரு சோடிக் காளைய வித்தாரு சாமி."

வியாபாரி வெறுங்கையோடு போனார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டிலிருந்த மகன், "நாமளே செய்யலாம்ப்பா" என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது.

காளை விற்று வாங்கிய வண்டி

அது 1973-ம் வருஷத்து புல்லட் 350. இங்கிலாந்தில் ரெட்டிட்ச் ஊரில் பிறந்த வண்டி. 1955-ல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்த பிறகு, சென்னை திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்தார்கள். தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் இங்கே புல்லட் நிற்கவில்லை. 346 சி.சி. என்ஜின், வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் நான்கு கியர், இடது காலில் பிரேக்.

அப்பா அதை 1978-ல் இரண்டாம் கையாக வாங்கினார். வாங்கிய மாதமே தாராபுரத்துப் பட்டறை ஒன்றில் ஆங்கிள் இரும்பில் பெரிய கேரியர் ஒன்று அடித்துப் பின்னால் போல்ட் போட்டு மாட்டினார். அந்தக் கேரியரில் பால் கேன் போனது. பருத்தி மூட்டை போனது. கிணற்று மோட்டார் புகைந்தால், காயில் கட்ட அதுவும் அதில்தான் போனது. பெட்ரோல் டேங்க் மேல் அக்கா உட்காருவார். அவருக்கு அப்போது பத்து வயது. இவருக்கு ஆறு, பின்னால் அம்மா மடியில். அக்காவின் வலது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இன்றும் இருக்கிறது.

அப்பா 2011-ல் காலமானார். அன்றிலிருந்து வண்டியை யாரும் தொடவில்லை.

கழற்றும்போது செய்த தவறு

அந்தத் தை மாதம் அறுவடை முடிந்த கையோடு வேலை தொடங்கியது. கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் மகன் செல்போனில் படம் எடுத்தான். போல்ட், நட்டுகளைக் கொட்டாங்குச்சிகளில் போட்டு, எது எந்த இடம் என்று துண்டுச் சீட்டு எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்து வண்டிக்கு இன்ச் கணக்கு ஸ்பானர் வேண்டும். டிராக்டருக்கு வைத்திருக்கும் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகியதில் முதல் நாளே இரண்டு நட்டுகளின் முனை மழுங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் பழைய மெக்கானிக் ஒருவரிடம் சரியான செட்டை இரவல் வாங்கினார்கள்.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. அது தவறு என்று அன்றைக்குத் தெரியவில்லை. 'கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும்' என்று அவர் முடிவு செய்திருந்தார். அப்பா அடித்த கேரியர் கம்பெனிப் பொருள் அல்ல. துருவேறி, ஒரு பக்கம் வளைந்தும் இருந்தது. பழைய மட்கார்டு தகடு, உடைந்த ஸ்டாண்டு எல்லாவற்றோடும் சேர்த்து அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்.

இறுகிப்போன என்ஜின்

கிக்கரை மிதித்தால் அசையவே இல்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் துருவோடு பிடித்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் கிக்கர் பல் உடையும், ரிங் நொறுங்கும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் என்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து ஊற்றி நான்கு நாள் விட்டார்கள். ஐந்தாம் நாள் வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினார்கள். முதலில் ஒரு நூல் அசைந்தது. மறுபடியும் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் கழித்துச் சக்கரம் முழுசாகச் சுற்றியது.

திறந்து பார்த்தபோது சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருந்தது. லேத்தில் கொடுத்து உட்புறத்தைக் கடைந்து, ஓர் இன்ச்சில் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிதான பிஸ்டன் போட்டார்கள். மெக்கானிக்குகள் இதை 'இருபது சைஸ்' என்பார்கள். கனெக்டிங் ராடும் பேரிங்கும் தேய்ந்திருந்தன. கிராங்க்கைப் பிரித்து அழுத்திப் பூட்டுவது வீட்டில் ஆகிற வேலை அல்ல. அதை மட்டும் வெளியே கொடுத்தார்கள். எது தன் கைக்கு அடங்கும், எது அடங்காது என்று தெரிந்துகொள்வதும் வேலையில் ஒரு பகுதிதான்.

பெட்ரோல் டேங்கின் உள்ளே முழுக்கத் துரு. சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்தால் ஆசிட் விடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. ஆனால் அந்த ஆசிட்டை டேங்கில் ஊற்றினால் துருவோடு தகட்டையும் தின்றுவிடும். அதனால் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி, கைப்பிடி ஜல்லி போட்டுக் குலுக்கி, ஒரு நாள் வைத்தார். மூடியை இறுக்கவில்லை, உள்ளே வாயு உண்டாகும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கழுவினார். ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டிருந்தால்கூட மறுநாளே துரு பிடித்திருக்கும்.

பிரேக் டிரம்மைத் திறந்தபோது மகன் வாயால் ஊதப் போனான். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் விட்டு நனைத்துத் துடைத்தார்கள்.

எதை மாற்றுவது, எதை மாற்றக் கூடாது?

மகனுக்கு வேறு ஆசையும் இருந்தது. சேஸை வெட்டித் தாழ்த்தி, உயரமான ஹேண்டில்பார் போட்டு, படத்தில் வருகிற வண்டி மாதிரி ஆக்க வேண்டும் என்றான். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதி செய்திருக்கிறது. நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதனால் பழைய கறுப்பே மறுபடியும் அடித்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டுவதற்கு முன்னால் சேஸ் எண், என்ஜின் எண் இரண்டின் மேலும் டேப் ஒட்டினார்கள். அந்த எண்களில் ஒன்று தேய்ந்து போனாலும் வண்டிக்கு முகவரி இல்லை.

ஆனால் மாற்ற வேண்டியதை மாற்றினார்கள். பழைய வண்டியின் மின்சாரம் 6 வோல்ட். முன்விளக்கு மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி எரியும். இரவில் மோட்டார் போட வரப்போரம் போகிறவருக்கு அந்த வெளிச்சத்தில் பாம்பு தெரியாது. ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர், பேட்டரி, காயில், பல்பு, ஹாரன் எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். எலி கடித்த ஒயரிங் முழுவதையும் புதிதாக இழுத்தார்கள். இண்டிகேட்டரும் கண்ணாடியும் சேர்ந்தன.

பெட்ரோல் குழாயையும் மாற்றினார்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எடுப்பது. மக்காச்சோளம் விற்கிற விவசாயிக்கு அதனால் லாபம் உண்டு. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்கணக்கில் நின்றால் டேங்க் துருப்பிடிக்கும். பழைய ரப்பர் உப்பிப் போகும். தன் வயலில் விளைந்ததே தன் வண்டியைக் கெடுக்கிறதே என்று அவர் சிரித்துக்கொண்டார். எத்தனாலைத் தாங்கும் குழாய் போட்டு, வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்பரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணைப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டார்.

நின்றுபோன இடம்

பதினான்கு மாதம் ஆனது. நோட்டில் எழுதிய கணக்கு: என்ஜினும் லேத் கூலியும் ரூ.24,500, டயர், ட்யூப், செயின் ரூ.11,000, மின்சார வேலை ரூ.13,500, பெயின்ட், குரோம் ரூ.12,000, மற்றவை ரூ.7,000. மொத்தம் ரூ.68,000. நாற்பதாயிரத்துக்குக் கேட்ட வண்டிக்கு அறுபத்தெட்டாயிரம். கணக்குப் பார்த்தால் இது விவசாயத்தைப் போலத்தான் என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

காகிதத்துக்குப் போனபோதுதான் சிக்கல். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிய 2021-ல் விதி வந்தது. அதற்குப் புதிய பதிவுக் கட்டணம் ரூ.20,000. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். அன்றாடம் ஓட்டவும் கூடாது. பால் ஊற்றப் போகிறவருக்கு அது ஆகாது. சாதாரணமாகப் புதுப்பிப்பதே போதும் என்று தீர்மானித்தார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதுவோ மூன்றெழுத்துப் பதிவெண் கொண்ட, கையால் எழுதிய ஆர்.சி. புத்தகம். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. முதலில் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதற்கும் முன்னால் வண்டி அவர் பெயருக்கு வர வேண்டும்.

வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்கள்: அம்மா, அக்கா, அவர். மற்ற இருவரும் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அக்காவிடம் அவர் பேசிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பா இறந்த மறுவருஷம், நிலத்துக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி, உடுமலைப் பக்கம் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனார். "பேங்க் லோனுக்குங்க அக்கா, இங்க ஒரு கையெழுத்து" என்றார். அக்கா அடுப்பங்கரையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து போட்டுக் கொடுத்தார். பங்கை விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்பது பதிவு அலுவலகத்துக்குப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அங்கே நாலு பேர் முன்னால் அவர் எதுவும் கேட்கவில்லை; கட்டை விரலை நீட்டிவிட்டுப் பஸ் ஏறினார். மகளுக்கும் சம உரிமை என்று 2005-லேயே சட்டம் மாறியிருந்தது. அக்கா கேட்டிருந்தால் கொடுத்திருக்க வேண்டியதுதான். கேட்க இடம் வைக்காமல் வாங்கியதுதான் குற்றம். அதற்குப் பிறகு அக்கா நோம்பிக்குக்கூட வரவில்லை.

படிவத்தை வாங்கி வந்து இரண்டு மாதம் பீரோவிலேயே வைத்திருந்தார். வண்டியும் அப்படியே நின்றது.

அக்கா வந்தார்

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனார். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வந்த விஷயத்தைக் கேட்டார். "வண்டியப் பாத்துட்டுச் சொல்றன்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

அடுத்த வாரம் தனியாகவே வந்தார். சாளைக்கு முன்னால், களத்தில், கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு நின்றது புல்லட். அக்கா டேங்கைத் தடவிப் பார்த்தார். பின்பக்கம் போனார். நின்றார்.

"கேரியரு எங்கடா?"

"அது கம்பெனி சாமான் இல்லீங்க அக்கா. பழைய இரும்புக்குப் போட்டுட்டனுங்க."

"எத்தன கிலோ இருந்துது?"

"ஆறு."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தக் கேரியர்லதான்டா என்னோட கல்யாணத்துக்கு வாழத்தாரு வந்துது. அப்பாவோட வண்டின்னா எனக்கு அதுதான். நீ கம்பெனி வண்டியச் செஞ்சு வெச்சிருக்கற" என்றார்.

அவரிடம் பதில் இல்லை. பேச்சை மாற்றுவதற்காகவே வண்டியைக் கிளப்பிக் காட்டப் போனார். மிதித்தார், மிதித்தார், பிடிக்கவில்லை. இரண்டு நாளாகவே அப்படித்தான். ஒரு மிதியில் கிக்கர் திருப்பி அடித்து முழங்காலில் பட்டது. மகன் பிளக்கைக் கழற்றித் துடைத்தான். மறுபடியும் இல்லை.

"நகரு" என்றார் அக்கா. கிக்கரை அவர் மிதிக்கவில்லை; ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைக் காட்டினார். "சாவியப் போட்டு, கிக்கர மெதுவா அமுக்கு. இந்த முள்ளு கீழ எறங்கும். இன்னம் மெதுவா. இப்பப் பாரு, நடுவுக்கு வந்துருச்சு. அங்க நிறுத்து. இடக்கையில அந்தச் சின்ன லீவரப் புடிச்சுட்டு ஒரு நூல் தள்ளு. இப்ப லீவர உட்டுரு. கிக்கரு மேல வரட்டும். இனி ஒரே மிதி."

ஒரே மிதியில் பிடித்தது. தொழுவத்தில் மாடு கயிற்றை இழுத்தது, கோழிகள் பறந்தன. அம்மா திண்ணையிலிருந்து எழுந்து நின்றார்.

வருஷக்கணக்காக டேங்க் மேல் உட்கார்ந்து அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் அக்கா. பின்னால் மடியில் தூங்கிக்கொண்டு வந்தவருக்கு அது தெரியாது. பிஸ்டன் அழுத்தத்தைத் தாண்டும் இடத்தை அந்த முள் காட்டிக்கொடுக்கிறது என்று மகன் பிறகு விளக்கினான். அந்தச் சின்ன லீவர் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை வெளியேவிட்டு, பிஸ்டனை எளிதாக நகர்த்தத் தருவது. தவறான இடத்தில் மிதித்தால் கால் எலும்பே முறியலாம்.

படித்துப் போட்ட கையெழுத்து

பழைய இரும்புக் கடைக்கு மறுநாளே அவர் போய்ப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு முந்தைய இரும்பு அங்கே எப்படி இருக்கும்? உருக்குக்குப் போய்விட்டது. அக்கா சாளைத் தரையில் சாக்பீஸால் கேரியரை வரைந்தார். இங்கே பால் கேன் உட்கார ஒரு வளைவு, இங்கே கயிறு கட்ட இரண்டு கொக்கி, இங்கே கால் வைக்க ஒரு கம்பி. மகன் அளவெடுத்துக்கொண்டு போய் வெல்டிங் பட்டறையில் அடித்து வந்தான். சேஸில் துளை போடாமல், பழைய போல்ட் இடங்களிலேயே மாட்டினார்கள். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். ஆனால் பழையதில் இருந்த வளைவு இதில் இல்லை. எந்த மூட்டை ஏற்றி அது வளைந்தது என்று அக்காவுக்கும் ஞாபகமில்லை.

அன்று மாலை அக்கா படிவத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். திரும்பவும் ஒரு தரம் படித்தார்.

"போன தடவ படிக்காமப் போட்டுட்டன்" என்றார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "அது தப்புதானுங்க அக்கா" என்றார். அக்கா பேனாவை மூடிக் கொடுத்தார், பதில் சொல்லவில்லை.

ஆர்.சி. புதுப்பித்து வந்துவிட்டது, இன்ஷூரன்ஸும் கட்டியாயிற்று. வலதுகாலில் கியர் இருப்பதால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து அதை மிதித்துவிடுவான் என்று மகனைப் பத்து நாள் களத்திலேயே ஓட்டிப் பழகவிட்டு, பிறகுதான் ரோட்டுக்கு அனுப்பினார். இப்போது காலையில் இரண்டு பால் கேனோடு புல்லட் சொசைட்டிக்குப் போகிறது.

கிணற்று மேட்டை ஒட்டிய நிலத்தை அக்கா பெயருக்கு எழுத என்னென்ன காகிதம் வேண்டும் என்று பத்திரம் எழுதுபவரிடம் அவர் கேட்டு வைத்திருக்கிறார். எத்தனை சென்ட் என்பது இன்னும் பேசி முடியவில்லை. மக்காச்சோளம் அறுத்ததும் வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடப் போகும்போது புல்லட்டை எடுத்து வரச் சொன்னாராம்.